தூரத்தைத் தின்ற பைனாகுலர்

ஒரு கோடையில், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த ஒரு சித்தேரிக்கு மூன்று பேர் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மூன்று பொருள்களும் வந்தன. மனிதர்கள் பேசிக்கொண்டது மனிதர்களுக்குக் கேட்டது. பொருள்கள் பேசிக்கொண்டது பொருள்களுக்கு மட்டுமே கேட்டது. இது அந்தப் பொருள்களில் ஒன்றுக்கு வந்த வயிற்றெரிச்சலின் கதை.

அது ஒரு பைனாகுலர். தாரிணியின் கழுத்தில் தொங்கியது.

தாரிணி சென்னையில் ஏழாவது மாடி வீட்டில் வளர்ந்தவள். அந்த உயரத்துக்கு வந்த ஒரே பறவை புறா. அதையும் அண்டவிடாமல் அவள் அப்பா பால்கனி முழுக்க வலை அடித்துவிட்டார். வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, படம் போட்ட புத்தகத்திலிருந்து நூற்றைம்பது பறவைகளின் பெயரை மனப்பாடம் செய்தவள் அவள். இப்போது விலங்கியல் முதுகலை, கடைசி வருஷம். காய்ந்துவரும் ஏரிகளில் ஆள்காட்டிப் பறவைகள் எத்தனை கூடு கட்டுகின்றன என்று எண்ணி எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு.

பைனாகுலருக்குத் தன்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. காலையில் எழுந்ததும் தாரிணி முதலில் தொடுவது தன்னைத்தான். மெல்லிய துணியால் துடைப்பாள், வாயால் ஆவி ஊதி மறுபடி துடைப்பாள். கண்ணில் வைக்கும்போது அவள் இமை மயிர் கண்ணாடியில் உரசும். அந்த உரசலுக்காகவே அது உயிரோடு இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. 'இவள் உலகத்தைப் பார்க்கவில்லை, நான் காட்டுவதைப் பார்க்கிறாள்' என்று நினைத்துக்கொள்ளும். நினைக்க நினைக்க அதற்கு இனிக்கும்.

ஆனால் ஏரிக்கு வந்து மூன்று நாள் ஆகியும் ஒரு கூடுகூட அகப்படவில்லை. வெடித்த சேறும் கூழாங்கல்லும் கோரையும் மட்டும்தான் கிட்டே வந்து வந்து போயின. தாரிணியின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

நான்காம் நாள் காலை, அறுநூறு வாத்துகள் ஒரே கூச்சலாகக் கரையேறி வந்தன. பின்னால் ஒருத்தன் வந்தான். கையில் ஆளைவிட உயரமான மூங்கில் கோல், அதன் முனையில் நீலத் துணிக் கிழிசல். பேர் முனிவேல். ஆரணிப் பக்கம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வருஷத்தில் எட்டு மாசம் வாத்துகளோடு ஊர் ஊராக நடப்பான். கோடையில் வயல் காய்ந்துவிட்டால் இந்த மாதிரித் தண்ணீர் தங்கின ஏரிதான் அவனுக்குக் கதி.

"இன்னா மேடம், மூணு நாளா இதே எடத்துல நின்னுகினு கீறீங்க? எதுனா தொலைச்சிட்டீங்களா?"

"ஆள்காட்டிக் கூடு தேடறேங்க."

"கூடா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு ஏதுங்க கூடு? தரையைச் சுரண்டி முட்டை போட்டுடும், அவ்ளோதான். மொதல்ல அந்தக் கண்ணாடிய எறக்குங்க."

தாரிணி இறக்கினாள்.

பைனாகுலருக்குச் சுருக்கென்றது. இதுவரை யாரும் தன்னை இறக்கச் சொன்னதில்லை.

முனிவேல் கோலை நீட்டினான். "கோல் முனையில பாருங்க. அசையாம பாருங்க."

அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் இருந்தது. சேற்று நிறத்தில், கருப்புப் புள்ளி தெளித்த நான்கு முட்டைகள், கூர்முனைகளை உள்ளே வைத்து, நாலு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுகிற மாதிரி கிடந்தன.

"ஐயோ..." என்றாள் தாரிணி. சத்தமே இல்லாமல், மூச்சாகவே சொன்னாள்.

மீன்கொத்தியின் நீலத்தைக் காட்டியபோதுகூட, நத்தைகுத்தி நாரையின் அலகு இடுக்கைக் காட்டியபோதுகூட, அவள் அப்படி ஒரு 'ஐயோ' சொன்னதில்லை. 'ஓ' என்பாள், பெயரைக் குறித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த 'ஐயோ' இப்போது ஒரு மூங்கில் குச்சிக்குப் போய்விட்டது. அவள் மார்பில் தொங்கியபடியே பைனாகுலர் கோலைப் பார்த்தது. கணு கணுவாக, அடியில் வெடித்து, வாத்துப் பீ அப்பிக்கொண்டு நின்றது அது.

இதற்கா?

*

அன்றைக்கு ஆரம்பித்தது.

மறுநாளிலிருந்து தாரிணி முனிவேலின் பின்னால் நடந்தாள். அவன் வாத்துகளை ஓட்டுகிற முறை அவளுக்கு அதிசயமாக இருந்தது. கத்துவதில்லை, அடிப்பதில்லை. கோலை இடப்பக்கம் சாய்த்தால் மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் ஒதுங்கும். எங்கே முட்டை இருக்கிறதோ அதற்கு இரண்டு ஆள் தூரம் முன்னாலேயே கோலைத் தரையில் படுக்கப் போடுவான். குஞ்சாக இருந்தபோதே அதற்குப் பழகின வாத்துகள், படுத்திருக்கும் கோலைத் தாண்டுவதில்லை. பாறையில் மோதின தண்ணீர் மாதிரி இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளும். நடுவில் ஆள்காட்டி முட்டைமேல் உட்கார்ந்தபடி, 'போங்க, போங்க' என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இதுக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள் தாரிணி.

"யாரு சொல்றது? அது முட்டை, இது முட்டை. எங்க பொழப்பே முட்டைதானுங்க."

ஒரு வாரத்தில் நான்கு இடங்கள் அவள் குறிப்பேட்டில் ஏறின. பைனாகுலர் பைக்குள் கிடந்தது. பை, கரைமேல் இருந்த வேலமரத்துக் கிளையில் தொங்கியது.

மத்தியானத்தில் அந்த மரத்தடியில்தான் மூன்று பேரும் சாப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் செவ்வந்தி. பக்கத்து ஊர்க்காரி. செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கினதும், பசுமாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுக்க ஏரிக்கு வருவாள்.

"எவ்வளவு அழகா இருக்கு இல்ல இந்த ஏரி!" என்றாள் தாரிணி ஒருநாள், டப்பாவைத் திறந்தபடி.

"அழகா?" செவ்வந்தி ஏரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், நேற்றுவரை இல்லாத ஏதாவது வந்துவிட்டதா என்பதுபோல. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. கம்பெனில பன்னெண்டு மணி நேரம் ஏசி. மூக்குக்கு எந்த வாசனையும் வராது. இங்க வந்து ஒரு பிடி அறுத்தா பச்சை வாசனை வரும் பாருங்க, அப்பதான் மூக்கு இருக்கறதே ஞாபகம் வரும். அதுதான் எனக்கு ஏரி."

"இவங்களுக்கு வாசனை, உங்களுக்கு அழகு. எனக்குப் பாருங்க, தண்ணி," என்றான் முனிவேல். "இன்னும் ஒரு மாசம் இந்தத் தண்ணி தாங்குச்சின்னா என் வாத்து பொழைச்சிக்கும். அடுத்த தண்ணி எங்கன்னு எனக்கே தெரியாது. இந்த வெயில்ல ரெண்டு நாள் ரோட்டுல நடக்கவிட்டா பாதி சுருண்டுடும்."

"உன் வாத்து இருக்கற திமிருக்கு அதெல்லாம் சுருளாது. நேத்து என் புல்லுக்கட்டு மேல ஏறி உக்காந்து பேண்டு வச்சிருக்குது," என்றாள் செவ்வந்தி.

"உரம் போட்டிருக்கும்."

"வாயப் பாரு. வாத்துக்கூடவே இருந்து இருந்து உனக்கும் அலகு முளைச்சிடுச்சி."

தாரிணிக்குப் புரை ஏறும்வரை சிரிப்பு வந்தது.

மேலே, பைக்குள், பைனாகுலர் வெந்துகொண்டிருந்தது. மரத்தில் சாய்ந்து நின்றிருந்த கோலைப் பார்த்துக் கேட்டது: "உனக்குக் கண் இருக்கிறதா?"

"இல்லியே," என்றது கோல்.

"கண்ணே இல்லாத நீ அவளுக்கு எதைக் காட்டுகிறாய்?"

"நான் எங்க காட்டறேன்? தரைல தட்டறேன். தரை இன்னா சொல்லுதோ அது அவன் கைக்குப் போவுது. அவன் சொல்றான், அவங்க பார்க்கறாங்க."

"நான் நாற்பத்திரண்டு வகைப் பறவையை அவளுக்குக் காட்டியிருக்கிறேன். அக்கரையில் இருப்பதை இக்கரைக்குக் கொண்டுவருகிறேன். நீ இருக்கிற இடத்தைவிட்டு ஒரு முழம்கூட நீள மாட்டாய்."

புல்லுக்கட்டில் செருகியிருந்த செவ்வந்தியின் அரிவாள் பல்லைக் காட்டியது. அதற்கு எப்போதும் பல் தெரியும், கருக்கரிவாள். "அடேய் ரெட்டைக்கண்ணா, எதுக்குடா இப்படி எரியறே? அவனுக்கு ஒரு துணிக் கிழிசல், எனக்கு ஒரு மரப்பிடி, உனக்கு வெல்வெட்டுப் பை. நீ எரியலாமா?"

"எனக்கு எரிச்சல் ஒன்றும் இல்லை," என்றது பைனாகுலர்.

"இல்லதான். பைக்குள்ளேருந்து பொகை வருதே, அதான் கேட்டேன்."

அன்று சாயங்காலம் முனிவேல், "ஒருவாட்டி நீங்க ஓட்டிப் பாருங்க மேடம்," என்று கோலைத் தாரிணியின் கையில் கொடுத்துவிட்டான். அவள் பயந்து பயந்து இடப்பக்கம் சாய்த்தாள். அறுநூறு வாத்தும் வலப்பக்கம் திரும்பின. அவள் குழந்தை மாதிரிக் கூவினாள்.

வீட்டுக்குப் புறப்படும்போது பையிலிருந்து பைனாகுலரை எடுத்து ஒப்புக்கு ஒரு துடை துடைத்தாள். அவள் உள்ளங்கையில் மூங்கில் வாசனை அடித்தது. பைனாகுலர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் தன்னைக் கீழே வைக்கும்வரை விடவே இல்லை.

*

சேற்றிலும் மண்கட்டியிலும் நடந்து தாரிணியின் குதிகாலில் கொப்புளம் போட்டுவிட்டது. அடுத்த நாள் அவளால் இறங்கி நடக்க முடியவில்லை. "நான் இங்கியே உக்காந்துக்கறேங்க," என்று மரத்தடியில் துண்டை விரித்தாள். பத்து நாளுக்கு அப்புறம் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

இமை மயிர் உரசியது.

பைனாகுலர் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இனி இவளை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டது. ஆனால் நாளைக்குக் கொப்புளம் ஆறிவிடும். நாளன்றைக்கு இவள் மறுபடியும் அந்தக் குச்சிக்குப் பின்னால் போவாள். குச்சி இருக்கும்வரை போவாள்.

குச்சி இல்லாமல் போக வேண்டும்.

கீழே, முதல் கூட்டின்மேல் தாய்ப்பறவை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வெறும் சேற்றுத் தரை, நூற்றுப் பத்தடி. அதற்கும் பின்னால் தண்ணீர். தண்ணீரில் வாத்துகள் தலையைக் கீழே விட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. நடுத்தரையில் கோல் படுத்திருந்தது, முனிவேல் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

பைனாகுலருக்குத் தெரிந்தது ஒரே வேலை, தூரத்தை இல்லாமல் பண்ணுவது. அன்றைக்கு அந்த வேலையை அது மனசார செய்தது. அவள் கழுத்தை ஒரு பக்கம் இழுத்து, முனிவேலும் கோலும் வட்டத்துக்கு வெளியே விழும்படி நின்றுகொண்டது. பிறகு, தாய்ப்பறவைக்கும் வாத்துகளுக்கும் நடுவில் கிடந்த நூற்றுப் பத்தடித் தரையை ஒரே மிடறில் விழுங்கியது.

வட்டத்துக்குள் மிச்சமிருந்தது இதுதான்: முட்டையின்மேல் ஆள்காட்டி. அதன் முதுகை உரசிக்கொண்டு, அதன் தலைக்குமேல், இந்தப் பக்கம் அந்தப் பக்கம், வாத்து, வாத்து, வாத்து.

"ஐயோ!" என்றாள் தாரிணி.

கடைசியில் கிடைத்துவிட்டது. பைனாகுலர் அந்த 'ஐயோ'வை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. மூச்சாக வரவில்லை, அலறலாக வந்தது. இருந்தாலும் என்ன, அது தனக்கு வந்தது.

தாரிணி செல்போனை எடுத்தாள். பைனாகுலரின் ஒரு கண்ணோடு அதை ஒட்டவைத்து நான்கு படம் பிடித்தாள். 'நான் கூட நடக்கும்போது மட்டும் கோலைப் படுக்கப் போடறார். நான் இல்லேன்னா இப்படி,' என்று முணுமுணுத்தாள். பறவை ஆர்வலர்கள் குழு ஒன்றில் அவள் இருந்தாள். படங்கள் அங்கே போயின. அங்கிருந்து எங்கெங்கோ போயின.

புல்லில் கிடந்த அரிவாள் எல்லாவற்றையும் பார்த்திருந்தது. இந்தத் தடவை அது கிண்டல் பண்ணவில்லை.

"நடுவுல இருந்த தரை எங்கடா?"

"இல்லாதது எதையும் நான் சேர்க்கவில்லையே," என்றது பைனாகுலர். "பறவை இருந்தது, காட்டினேன். வாத்து இருந்தது, காட்டினேன்."

"தூரமும் இருந்துச்சி."

"தூரத்தைக் காட்டுவது என் வேலை இல்லை."

*

மறுநாள் பத்து மணிக்கு வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்து கரையில் நிறுத்தினார். நல்ல மனிதர்தான். தலையில் துண்டு, கையில் செல்போன், அதில் படம்.

"தம்பி, இன்னிக்கே ஏரியைக் காலி பண்ணிடுப்பா. முட்டை வச்சிருக்கற எடத்துல வாத்து உட்டா எப்படி? மேலேருந்து கேக்கறாங்க."

முனிவேல் படத்தை வாங்கிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். "இது என் வாத்துதான். இது மொத கூடுதான். ஆனா இது பொய்யி சார்."

"போட்டோ எப்படிப்பா பொய் சொல்லும்?"

"இதுக்கும் அதுக்கும் நூத்திப் பத்தடி சார். வாங்க, எறங்கி நடந்து பாருங்க. தோ, இங்கதான் கீது." அவன் தாரிணியிடம் திரும்பினான். "மேடம், நீங்க சொல்லுங்க. எங்கூட நடந்தீங்க இல்ல? கோலைத் தாண்டி ஒரு வாத்து போச்சா?"

தாரிணியின் கை பைனாகுலரைப் பிடித்தது. பைனாகுலர் அசையாமல் இருந்தது. உள்ளுக்குள் கெஞ்சியது. 'இறங்கி நடந்துவிடாதே. தயவுசெய்து நடந்துவிடாதே.'

"நான் கூட வந்தப்ப சரியாத்தான் போனீங்க," என்றாள் தாரிணி தரையைப் பார்த்தபடி. "நேத்து நான் வரலையே. நான் கண்ணால பார்த்தேங்க."

முனிவேல் படத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஏங்க, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்தா இன்னா கொறைஞ்சிடும்? அஞ்சு நிமிசம்," என்றாள் செவ்வந்தி. "நான் தெனம் அறுக்கற எடங்க அது. அங்க வாத்து வராது."

"இருக்கட்டும்மா. போட்டோ இருக்கே," என்றார் காவலர்.

தாரிணி ஓர் அடி எடுத்து வைத்தாள். குதிகால் சுரீரென்றது. நின்றுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள், வாத்துகளை ராத்திரி அடைக்கிற பட்டி வலை சுருட்டியாயிற்று. வெயில் தாழக்கூட இல்லை, அறுநூறு வாத்தும் கரையேறித் தார்ச்சாலையில் இறங்கின. சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தன. முனிவேல் யாரையும் பார்க்காமல் நடந்தான். மரத்தைக் கடக்கும்போது கோல், பைனாகுலருக்கு நேராக வந்தது.

திட்டப்போகிறது என்று பைனாகுலர் காத்திருந்தது. திட்டினால் பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தது.

"அவங்களுக்குக் கொப்புளம் ஒடைஞ்சிருக்கு," என்றது கோல். "கட்டித் தரைல மெதுவா நடக்கச் சொல்லு."

"அதை நீ சொல்ல வேண்டாம்!" என்று பைனாகுலர் கத்தியது.

கோல் போய்விட்டது. அது போன பிறகும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் போகவில்லை. அவளுடைய கொப்புளம் உடைந்தது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே! பைனாகுலருக்குத் தாங்கவில்லை.

*

நினைத்தது நடந்துவிட்டது. இப்போது நாள் முழுக்க அவள் கழுத்தில் அது மட்டும்தான். பை மரத்தில் தொங்கவில்லை. கோல் இல்லை, வாத்துக் கூச்சல் இல்லை.

ஆனால் தாரிணிக்குச் சிரிப்பும் இல்லை. செவ்வந்தி மத்தியானத்தில் மரத்தடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏரியின் மறுபக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு புல் அறுத்தாள்.

கூடுகள் எங்கே இருக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதித்தான் இருந்தது. 'மரத்திலிருந்து வடகிழக்கே, கோரைக்கு அருகில்' என்று. கோரை எங்கேயும்தான் இருந்தது. இத்தனை நாளும் தான் கூட்டைத் தேடிப் போனதே இல்லை, கோல் போன இடத்துக்குப் போயிருக்கிறோம் என்பது தாரிணிக்கு இப்போதுதான் உறைத்தது. பைனாகுலர் உயிரைக் கொடுத்து உழைத்தது. சேற்றின் ஒவ்வொரு வெடிப்பையும், ஒவ்வொரு கூழாங்கல்லையும் அவள் கண்ணுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. எல்லாம் முட்டையாகத் தெரிந்தன. எதுவும் முட்டையாக இல்லை.

ஒருநாள் அவள் ஏரியைவிட்டுத் திரும்பி, தார்ச்சாலையின் பக்கம் பைனாகுலரைத் தூக்கினாள். வெகு நேரம் இறக்கவே இல்லை.

முதலில் பைனாகுலருக்குப் புரியவில்லை. புரிந்ததும் உள்ளுக்குள் என்னவோ கிழிந்தது. அவள் கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். தன்னை வைத்தே அதைத் தேடிக்கொண்டிருந்தாள். விரட்டிவிட்ட சக்களத்தியை நீயே போய் அழைத்து வா என்று அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சாலையில் கானல் மட்டும் நெளிந்தது. பைனாகுலர் அந்தக் கானலையே திரும்பத் திரும்ப அவளுக்குக் காட்டியது.

முனிவேல் போன ஆறாம் நாள் காலை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாரிணி ஏரிக்குள் இறங்கி, கோரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி செவ்வந்தி குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று எங்கிருந்தோ ஓர் ஆள்காட்டி எழும்பியது. அவள் தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தியது. இறங்கி, அவள் நெற்றியை உரசுவதுபோல வந்து, மேலே போனது. மறுபடி இறங்கியது. ஏரி முழுக்க அதன் குரலாக இருந்தது.

தாரிணி பைனாகுலரைத் தூக்கினாள்.

அந்த மாதிரி ஒரு காட்சி அதற்கு வாய்த்ததே இல்லை. வட்டம் முழுக்கப் பறவை. கண்ணின் முன்னால் தொங்கும் சிவப்புச் சதை, கழுத்தின் கருப்பு, விரிந்த இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. அலகு திறக்கும்போது உள்ளே துடிக்கும் நாக்குகூடத் தெரிந்தது. தாரிணியின் மூச்சு நின்றது. இமை மயிர் கண்ணாடியில் அழுந்தியது.

பறவை ஒரு பக்கமாகச் சரிந்து பறந்தது. வட்டத்தைவிட்டு நழுவப் பார்த்தது.

'விடாதே,' என்றது பைனாகுலர். 'வா. இன்னும் ஓர் அடி. வா, என்கூட வா.'

அவள் ஓர் அடி வைத்தாள். பறவை இன்னும் உரக்கக் கத்தியது. கத்தும்போது இன்னும் அழகாக இருந்தது.

'இன்னும் ஓர் அடி.'

"ஏங்க! நில்லுங்க! கால வைக்காதீங்க!" என்று செவ்வந்தி அலறியது கேட்டது.

'இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.'

"ஐயோ..." என்றாள் தாரிணி. பறவையைப் பார்த்துத்தான் சொன்னாள். சத்தமில்லாமல், மூச்சாகவே சொன்னாள். கூட்டைக் கண்ட அன்று கோலுக்குக் கிடைத்த அதே 'ஐயோ'. பைனாகுலர் அதைக் கேட்டது. அதற்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

செருப்புக்கடியில் மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சருகை மிதித்த மாதிரி. அவ்வளவு சின்னச் சத்தம்.

தாரிணியின் கை தளர்ந்தது. பைனாகுலர் விழுந்து, வாரில் ஆடி, அவள் வயிற்றருகே தலைகீழாகத் தொங்கியது. அவள் காலை எடுத்தாள். எடுத்து வைக்க இடம் தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றாள்.

செவ்வந்தி ஓடி வந்தாள், கையில் அரிவாளோடு. வந்தவள் பார்த்தாள். திட்டவில்லை. தாரிணியின் தோளைப் பிடித்து, அந்தக் காலைப் பின்னால் ஊன்றவைத்தாள். நான்கு முட்டைகளில் மூன்று உடைந்திருந்தன. உள்ளே குஞ்சாகிவிட்டிருந்தன. ஈரத்தில் ஒட்டிய இறகுக்கு நடுவே, தீக்குச்சி மாதிரி ஒரு கால் இன்னும் ஆடியது, பிறகு ஆடவில்லை.

மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது. தாரிணி அதைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செவ்வந்தி பக்கத்தில் குந்தி, அரிவாளைக் கீழே வைத்தாள்.

அரிவாளும் பைனாகுலரும் எதிரெதிரே இருந்தன.

"என்ன ஆச்சு? ஏன் அழுகிறாள்?" என்றது பைனாகுலர். "ஏன் என்னைக் கீழே விட்டாள்?"

"உனக்கு நேரா கீழதான்டா இருக்குது," என்றது அரிவாள். "பாரு."

பைனாகுலர் பார்த்தது. இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்தது. ஏதோ ஒரு மஞ்சள், ஏதோ ஒரு சிவப்பு, ஒன்றோடு ஒன்று கலங்கிக் கிடந்தன. அக்கரை நாரையின் இறகை எண்ணிச் சொல்கிற கண்ணாடியை அது திருகித் திருகிப் பார்த்தது.

"தெரியவில்லை," என்றது கடைசியில். "ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது."